மூன்றாம் கிளையில் மிஞ்சிய இருவர்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பேனாவை ஒருத்தி வாங்கிக்கொண்டு போனாள், இன்னும் திருப்பித் தரவில்லை. நீங்கள் இதை அச்சில் படித்தாலும், நான் பென்சிலால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். முனை மழுங்கிய பென்சில். சில வாக்கியங்கள் தடித்துப் போயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேனா போனபோது மதியம் இரண்டரை. இத்தாலியில் நான் குடியிருக்கும் இந்தக் காஸ்தெல்விவோ மலையூரில் அந்த நேரத்தில் ஒருவர் வீட்டுக் கதவை இன்னொருவர் தட்டுகிறார் என்றால் எங்கோ தீப்பிடித்திருக்க வேண்டும், இல்லை யாருக்காவது உயிர் போயிருக்க வேண்டும். சாப்பிட்ட கையோடு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு ஊரே படுத்துவிடும். நாய்கூடக் குரைக்காது. நான் பதறிப்போய்க் கதவைத் திறந்தேன்.

கீழே வாய்க்காலோரம் வயல் வைத்திருக்கும் லொரேத்தா நின்றிருந்தாள். பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தாள், முழங்கால்வரை சேறு.

"பேனா இருக்கா வாத்தியாரே? சீக்கிரம்."

கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டேன்.

(இதற்கு முன் இரண்டு தொடக்கங்கள் எழுதி அடித்திருக்கிறேன். ஒன்று: "அப்ரூத்ஸோ மலைகளுக்கு நடுவே, காற்றும் அசையாத ஒரு ஜூலை மதியத்தில்" என்று போனது. மலையைக் கண்டால் வர்ணித்தே தீர வேண்டும் என்கிற வியாதி எனக்கு உண்டு, பதினேழு வருஷம் இங்கே இருந்தும் குணமாகவில்லை. இன்னொன்று "பகை என்பது" என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டது. நின்றது நல்லதுதான்.)

2

அந்தப் பேனாவால் நான் என்ன எழுதிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதை அங்கேதான் முளைத்தது.

மதுரையில் ஞானப்பிரகாசம் என்று ஒரு பதிப்பாளர் நண்பர் இருக்கிறார். ஆங்கிலச் சொற்களின் பூர்வீகத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் சின்ன அகராதி ஒன்று போடுகிறார். ஒரு சொல்லுக்கு நாற்பது வார்த்தை. ஒன்று கூடினாலும் தொலைபேசியில் கூப்பிட்டுவிடுவார். எனக்கு ஒதுக்கிய சொற்களில் ஒன்று 'ரைவல்'. எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். போட்டியாளன், எதிரி. தேர்தலிலும் கிரிக்கெட்டிலும் அடிபடுகிற சொல்.

அதன் பூர்வீகத்தில் சண்டையே இல்லை. லத்தீனில் 'ரீவுஸ்' என்றால் ஓடை, வாய்க்கால். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிறவன் 'ரிவாலிஸ்'. அவ்வளவுதான். பழைய ரோமானியச் சட்டக்காரர்கள் இந்த நேர்ப்பொருளிலேயே அதைச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு ஒரே பெண்ணின் மேல் கண் வைத்த இரண்டு பேருக்கும் அந்தப் பெயர் வந்தது. கடைசியில் ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வற்றிவிட்டது, போட்டி மட்டும் மிஞ்சியது.

நம்மிடம் இதற்கு ஈடான சொல் இருக்கிறது என்பதைக் கவனித்து நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டேன். பங்கு உள்ளவன் பங்காளி. கூடவே, முதல் சண்டையும் அவனோடுதான். எதிரி என்பவன் எங்கிருந்தோ வரலாம், பங்காளி பக்கத்து வரப்பிலிருந்துதான் வர முடியும். இதை ஞானப்பிரகாசத்திடம் சொன்னால், "சார், பிள்ளைங்க பரீட்சைல பங்காளின்னு எழுதினா மார்க் போடுவாங்களா?" என்றார்.

ஜூன் மாதம் ஒருநாள் லொரேத்தா தக்காளி கொடுக்க வந்தபோது, என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். தக்காளிக் கூடையைக் கீழே வைத்தாள்.

"இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேற வேணுமா? எங்க மூணாம் கிளைல வந்து நின்னா ஒரு வியாழக்கிழமைல தெரிஞ்சிருக்குமே."

அப்புறம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அடுத்த வயல்காரன் செசீதியோவுக்குத் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் செய்து கொடுத்தேன். தமிழில் எழுதுவது சத்தியத்தை மீறுவதாகுமா என்று நீங்கள் கேட்கலாம். செசீதியோவுக்குத் தமிழ் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

என் குறிப்பு இன்று மதியம் கதவு தட்டப்பட்டபோது இப்படி நின்றிருந்தது: "ரைவல்: ஒரே வாய்க்காலில் பங்குள்ள இருவர். ஒருவர் மற்றவருக்கு"

3

மூன்றாம் கிளை என்பது ஆற்றிலிருந்து பிரியும் ஒரு சின்ன வாய்க்கால். ஒரு காலத்தில் அதில் பதினான்கு வீட்டுக்காரர்களுக்கு முறை இருந்தது. சிலர் செத்தார்கள், சிலர் வேலை தேடி வடக்கே தொரீனோ நகரத்துக்கும் பெல்ஜியத்துக்கும் போனார்கள். மிஞ்சியது இரண்டு வயல். மேலே லொரேத்தாவுடையது, கீழே செசீதியோவுடையது. லொரேத்தாவின் மடையில் பலகையை இறக்கினால் தண்ணீர் அவள் வயலுக்குள் திரும்பும். தூக்கினால் கீழே செசீதியோவுக்குப் போகும். கதையின் எல்லாக் கலகமும் அந்த ஒற்றைப் பலகையில்தான்.

முறை வியாழக்கிழமை. பதினொன்றிலிருந்து ஒன்றுவரை லொரேத்தாவுக்கு, ஒன்றிலிருந்து மூன்றுவரை செசீதியோவுக்கு. இதில் என்ன குழப்பம் வரும் என்கிறீர்கள்? வந்தது.

இந்த நாட்டில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். மனிதர்கள் தள்ளி வைத்தார்கள், தண்ணீர் தள்ளி வைக்கவில்லை. வாய்க்காலுக்கு வருஷம் முழுக்கப் பழைய நேரம்தான். கோயிலில் மணி அடிக்கிறவர் இருந்தவரை, வியாழக்கிழமைகளில் தண்ணீருக்கென்று தனியாக ஒரு மணி அடிப்பார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் ஓய்வு பெற்றார், மணிக்கு மோட்டார் பொருத்தினார்கள். மோட்டாருக்கு அரசாங்க நேரம் மட்டும்தான் தெரியும்.

அந்த ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, மோட்டார் மணி ஒன்று அடித்ததும் செசீதியோ வந்து பலகையைத் தூக்கினான்.

"என்னய்யா பண்றே? எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

"காது கேக்கலையா? ஒண்ணு அடிச்சாச்சு."

"அது கரண்டு மணி. தண்ணிக்கு எப்ப கரண்டு குடுத்தாங்க?"

"ஊருக்கெல்லாம் ஒரு மணி, உனக்கு மட்டும் தனி மணியா?"

அந்தக் கோடையில் லொரேத்தாவின் பீன்ஸ் காய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே சதுக்கத்தில் நிற்கும்போது அவனைத் தண்ணித் திருடன் என்று கூப்பிட்டாள். அவன், கடிகாரம் பார்க்கத் தெரியாத வீட்டில் பிறந்தவள் என்று திருப்பிக் கொடுத்தான். அதோடு பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றது, பலகை நிற்கவில்லை. பத்தொன்பது கோடைகளாக, ஒவ்வொரு வியாழனும், மோட்டார் மணி ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே அவன் பலகையைத் தூக்குவான், அவள் இறக்குவாள். ஒரு வார்த்தை கிடையாது. அவன் மூக்கால் ஏதோ பாட்டு முனகுவானாம், அவளை வெறுப்பேற்றுவதற்கென்றே. எத்தனையோ தடவை ஒரே பலகையின் இரண்டு முனைகளையும் இருவரும் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு திசை பார்த்தபடி நின்றிருக்கிறார்கள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நேரம் விஷயத்தில் யார் சரி என்று என்னைக் கேட்காதீர்கள். வாய்க்கால்களை நிர்வகிக்கிற நீர்ச் சங்கத்திலேயே கேட்டார்கள். அவர்கள், "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி அனுப்பினார்கள். பேசாதவர்களுக்கு!)

4

இந்த மே மாதம் புனிதரின் ஊர்வலத்தில் செசீதியோ சிலையைத் தூக்கினான். வயது அறுபத்தெட்டு, வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. ஈரக் கல்லில் வழுக்கியது. புனிதருக்குக் கீறல்கூட இல்லை, செசீதியோவுக்கு இடுப்பெலும்பு உடைந்தது. அவன் வயலில் பீன்ஸ் அப்போதுதான் இரண்டு இலை விட்டிருந்தது.

அடுத்த வியாழன் லொரேத்தா மடைக்குப் போனாள். ஒன்று அடித்தது. யாரும் வரவில்லை. பலகையைத் தொட ஆளில்லை. பத்தொன்பது வருஷமாக அவள் கேட்ட ஒரு மணி நேரத் தண்ணீர் தானாக, முழுசாக, வயலுக்குள் வந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் நான் முதலில் எழுதியது: "அவள் மகிழ்ச்சியில் திளைத்தாள்." அடித்துவிட்டேன். அவளே சொன்னது வேறு.

"தண்ணி நெறையத்தான் வந்துச்சு வாத்தியாரே. ஆனா பக்கத்துல அந்தக் கடுகடுத்த மூஞ்சி இல்லாம, வேலை செஞ்ச மாதிரியே இல்ல. பலகையை இறக்கிட்டு அதைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். யாரு தூக்கப் போறா? பைத்தியம் மாதிரி நின்னேன்."

மறுவாரம் நீர்ச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு கிளையில் குறைந்தது இரண்டு பேராவது பாசனம் செய்ய வேண்டும். ஒருவரே மிஞ்சினால், அல்லது ஒரு வயல் தரிசாகக் கிடந்தால், கிளையின் வாயைச் சிமெண்டு வைத்து அடைத்துவிடுவார்கள். ஜூலையில் ஆள் வந்து பார்ப்பார்.

அதைப் படித்ததும் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அறுபத்து நான்கு வயது. கணவன் பெரார்தோ போய் ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. தக்காளியும் பூண்டும் மிளகாயும் அந்த வயலில்தான். "அது போச்சுன்னா நான் காலைல எதுக்கு எந்திரிக்கணும், சொல்லு" என்று கேட்டாள். இங்கேயும் ஒரு பதில் எழுதிப் பார்த்தேன், ஆறுதலாக, நன்றாகவே வந்தது, ஆனால் கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை என்பதுதான் உண்மை.

அடுத்த வியாழனிலிருந்து அவள் செய்தது இதுதான். தன் முறை முடிந்ததும், மோட்டார் மணி இரண்டு அடிக்க, அதாவது வாய்க்கால் நேரப்படி சரியாக ஒன்றுக்கு, தன் பலகையைத் தானே தூக்கினாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, யாரைத் திருடன் என்றாளோ அவன் வயலுக்குள் புகுந்து, அவன் பீன்ஸுக்கு வரிசை வரிசையாகத் தண்ணீர் திருப்பினாள். ஊர் படுத்துக் கிடக்கிற நேரமாதலால் ஒருவரும் பார்க்கவில்லை.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இந்த லொரேத்தா யார்?

ஜூன் மாதமே எழுதிப் பார்த்த முதல் பிரதியில் அவளை உருகி உருகி நல்லவளாக எழுதினேன். பகைவனுக்கும் தண்ணீர் பாய்ச்சும் பெருமனசுக்காரி. அவளிடம் வாய்வழியாக மொழிபெயர்த்துச் சொன்னதும், "என்னைப் புனிதையாக்கித் தோள்ல தூக்கப் போறியா? வழுக்கி விழுவே, பாத்துக்கோ" என்றாள்.

சரி என்று இரண்டாம் பிரதியில் காரியவாதியாக எழுதினேன். அவன் வயல் பச்சையாக இருந்தால்தான் இவளுக்குத் தண்ணீர், அதனால் பாய்ச்சினாள். கணக்காகத்தான் இருந்தது. ஆனால் சங்கத்து ஆளுக்குப் பச்சை தெரிந்தால் போதுமே? இவள் களை எடுத்தாள். கொடிகளைக் குச்சியில் கட்டினாள். கட்டுவதற்குக் கயிறு வாங்கவில்லை, பெரார்தோவின் பழைய சட்டைகளைக் கிழித்துக் கட்டினாள். ஆறு வருஷமாக அலமாரியிலிருந்து எடுக்க மனசு வராத சட்டைகள்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"சும்மா கெடந்த சட்டைதானே" என்று சொல்லிவிட்டுத் தக்காளிக் கூடையைத் தேடினாள். கூடை அவள் கையிலேயே இருந்தது.

அதற்குமேல் எனக்கு அவளைத் தெரியாது. மூன்றாம் பிரதி எழுதவில்லை.

6

பத்து நாளைக்கு முன்னால் சங்கத்து ஆள் வந்து பார்த்தார். இரண்டு வயலும் பச்சை. செசீதியோ வீட்டுக்குப் போய் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் இரண்டு கட்டம். ஐந்து வருஷம் தொடர்ந்து பாசனம் செய்கிறேன் என்று ஒன்று, முறையை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒன்று. எதிலாவது குறியிட்டுக் கையெழுத்துப் போட்டு நாளை வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கொடுக்க வேண்டும். போகிறபோது, "உங்க பீன்ஸ் பிரமாதம் பெரியவரே" என்று பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு மாதமாகக் கட்டிலில் கிடப்பவனிடம்!

இதையெல்லாம் ரொட்டிக் கடையில் செசீதியோவின் மகள் ஓர்நெல்லா சொன்னாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள விடுப்பு எடுத்துக்கொண்டு தொரீனோவிலிருந்து வந்திருக்கிறாள். "அந்தப் பாழாப்போன வயலை விட்டுத் தொலைன்னு கெஞ்சறேன். இன்னொரு தடவை விழுந்தா யாரு தூக்குவா?" என்றாள். அவளைக் கெட்டவளாக எழுதினால் எனக்குக் கதை சுலபமாகும். ஆனால் அவள் சொல்வது நியாயம்தானே. பக்கத்தில் நின்று கேட்ட லொரேத்தாவுக்கும் அது நியாயமாகப் பட்டிருக்கிறது, அதுதான் அவளை இன்னும் அடித்துப் போட்டது. அவனிடம் போய்க் கேட்கவும் முடியாது. எந்த முகத்தோடு கேட்பாள்?

இன்று வியாழன். மணி இரண்டு அடித்ததும் வழக்கம்போலப் பலகையைத் தூக்கிவிட்டுக் கீழே இறங்கினாள். மூன்றாவது வரிசைக்குத் தண்ணீர் திருப்பும்போது சரளைக்கல் பாதையில் டொக், டொக் என்று சத்தம். ஊன்றுகோல்.

(அடுத்து வரும் பேச்சில் ஐந்தாறு வரி லொரேத்தா என் வாசலில் மூச்சிரைக்கச் சொன்னது. மீதி நான் கட்டியது. எது எது என்று பிரித்துச் சொல்ல மாட்டேன்.)

"அங்க தண்ணி தேங்குது பாரு. பீன்ஸுக்குக் கால் கழுவி விடறியா?"

அவள் நிமிரவில்லை. "வயலை இப்படிச் சரிவா வெச்சது யாரு? நானா?"

"யாரைக் கேட்டு உள்ள வந்தே?"

"பத்து வாரமா வரேன். யாரும் கேக்கல."

அவன் ஒரு கொடியைக் கையால் விலக்கிப் பார்த்தான். கட்டியிருந்த துணியைத் தடவினான்.

"இது பெரார்தோ சட்டை. நீலக் கோடு போட்டது. திருவிழாவுக்கு இதைத்தான் போட்டுக்கிட்டு வருவான்."

அவள் மண்வெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அழக்கூடாது என்று நினைத்தாள், அதிலும் இவன் முன்னால். "இடுப்பொடிஞ்சவன் இந்த வெயில்ல எதுக்கு வந்தே? உன் பொண்ணு என்னைத்தான் திட்டும்."

"அவ தூங்கறா. ஒண்ணு அடிக்கும்போதே நான் வாசல்ல வந்து உக்காந்துட்டேன்."

"அப்பவே வர வேண்டியதுதானே? உன் கரண்டு மணி."

"ரெண்டு அடிக்கட்டும்னு இருந்தேன்" என்றான் செசீதியோ.

பத்தொன்பது கோடையாக விட்டுக்கொடுக்காத ஒரு மணி நேரம். அதை வாசல்படியில் உட்கார்ந்து தீர்த்துவிட்டு வந்திருக்கிறான். லொரேத்தா அப்போதுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். இளைத்துப் போயிருந்தான்.

அவன் மடைக்கல்லின் மேல் மெதுவாக உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தான்.

"பேனா இருக்கா?"

"வயலுக்கு எவளாவது பேனா கொண்டு வருவாளா?" என்று சொல்லிவிட்டு, அவள் மேட்டில் ஏறி என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

வாசலில் வைத்து அவளைக் கேட்டேன், "எந்தக் கட்டத்துல குறி போடப் போறானாம்?"

"கேக்கல."

"கேட்டிருக்கலாமே லொரேத்தா."

"பத்தொன்பது வருஷத்துல அவன் எங்கிட்ட கேட்ட மொதப் பொருள், வாத்தியாரே. குடுத்துட்டு அப்புறம் கேக்கறேன்."

ஓடினாள். அந்த வயதில் அப்படி ஓடக்கூடாது.

7

முடிவுகள்.

அவன் தொடர்கிறேன் என்ற கட்டத்தில் குறியிடுகிறான், அவள் கண் கலங்குகிறாள், சரியாக அந்த நேரம் கோயில் மணி ஒலிக்கிறது. எழுதி, வாசித்து, கூசிப்போய் அடித்தேன். அது மோட்டார் மணி. யாருக்காகவும் ஒலிக்காது.

அவன் விட்டுக்கொடுக்கிறேன் என்ற கட்டத்தில் குறியிடுகிறான். மகளுக்காக. இல்லை, இவளும் ஓடி ஓடிக் களைத்துவிட்டாள், போதும் என்று நினைத்து. பாய்ச்சியதற்கு நன்றி சொல்லி, சட்டைத் துணி ஒன்றை அவிழ்த்து அவள் கையில் கொடுக்கிறான். திங்கட்கிழமை சிமெண்டு வண்டி வருகிறது. லொரேத்தா ஜன்னலைச் சாத்திக்கொண்டு... இது நடக்கக்கூடியது. அதனால்தான் இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

மூன்றாவது ஞானப்பிரகாசத்துடையது. பாதிக் கதையைத் தொலைபேசியில் சொன்னேன், அவ்வளவு படபடப்பாக இருந்தது.

"கல்யாணம் பண்ணி வெச்சிடுங்க சார். ரெண்டு பேரும் தனியாத்தானே இருக்காங்க?"

"அவங்க ரைவல் சார்."

"அதான் சொல்றேன். ஆமா, அந்த நாப்பது வார்த்தை எப்ப வரும்?"

"பேனா வந்ததும்" என்றேன்.

8

என் வீட்டிலிருந்து அந்த வயலுக்கு ஏழு நிமிஷம். இறக்கம்தான். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து உங்களுக்கு முடிவைச் சொல்லலாம். பேனாவைக் கேட்கிற சாக்கும் இருக்கிறது. செருப்பைக்கூட ஒரு தடவை போட்டேன்.

கழற்றிவிட்டேன். மூன்றாவது தலை ஒன்று மேட்டில் தெரிந்தால் அந்த இரண்டு பேரும் சட்டென்று வாயை மூடிக்கொள்வார்கள். எனக்கு அவர்களைத் தெரியும். அவன் மூக்கால் பாட ஆரம்பிப்பான், அவள் மண்வெட்டியைக் கழுவப் போய்விடுவாள். பிறகு இன்னொரு பத்தொன்பது வருஷத்துக்கு அவர்களிடம் நேரம் இல்லை. ஒரு கதைக்கு முடிவு கிடைக்கும் என்பதற்காக அதை நான் செய்ய மாட்டேன். எழுத்தாளனாக இது என் தோல்வி என்றால், இருக்கட்டும்.

உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்கள் போய்ப் பாருங்கள். உங்களை அவர்களுக்குத் தெரியாது. மேட்டில் நின்றே பாருங்கள், வரப்பில் இறங்காதீர்கள். பார்த்ததை என்னிடமும் சொல்ல வேண்டாம்.

மணி நான்கு அடித்துவிட்டது. வாய்க்கால் நேரப்படி மூன்று. செசீதியோவின் முறை முடிந்தது, பீன்ஸ் குடித்திருக்கும், இனி வயலில் செய்ய ஒரு வேலையும் இல்லை. லொரேத்தா இன்னும் மேடேறி வரவில்லை. பாதையில் ஊன்றுகோல் சத்தமும் கேட்கவில்லை.

ஒரு குறி போட்டுக் கையெழுத்துப் போட ஒரு நிமிஷம் போதும். என் பேனா போய் ஒன்றரை மணி நேரம் ஆகிறது.